வெளிநாட்டில் வணிகச் சின்னப் பதிவு: மாட்ரிட் வழியா, ஒவ்வொரு நாட்டிலும் நேரடியாகவா?

பைவினை

வணக்கம். நாங்கள் தோல் பைகளும் பணப்பைகளும் தயாரிக்கும் சிறு நிறுவனத்தினர். எங்கள் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய உள்நாட்டில் விண்ணப்பித்து நான்கு மாதங்கள் ஆகின்றன. ஆய்வு அறிக்கை இன்னும் வரவில்லை. இதற்கிடையில் ஜெர்மனியைச் சேர்ந்த விநியோகஸ்தர் ஒருவர் எங்கள் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் விற்பதற்கு முன்வந்திருக்கிறார். அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் இணையவழி விற்பனையைத் தொடங்க எண்ணியுள்ளோம். பைகளில் பொருத்தும் உலோகக் கொக்கிகளை, எங்கள் பெயரைப் பொறித்து, சீனாவில் உள்ள ஓர் ஆலை செய்து தருகிறது. அந்த நாட்டில் நாங்கள் எதையும் விற்பதில்லை.

விநியோகஸ்தர் அனுப்பியுள்ள ஒப்பந்த வரைவில், "நடைமுறையை எளிதாக்கும் பொருட்டு, ஒன்றியத்தில் வணிகச் சின்னத்தை விநியோகஸ்தர் தமது பெயரிலும் தமது செலவிலும் பதிவு செய்துகொள்வார்" என்று ஒரு பிரிவு இருக்கிறது. செலவு மிச்சம் என்று என் பங்குதாரர் கருதுகிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இந்தப் பிரிவை ஏற்கலாமா? உள்நாட்டுப் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் வெளிநாட்டில் விண்ணப்பிக்க முடியுமா? ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதிவு கோரும் மாட்ரிட் முறை நல்லதா, நேரடி விண்ணப்பம் நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கலன்

முதல் கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பிரிவை ஏற்காதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே அந்தச் சந்தையில் உரிமையாளர். செலவை யார் ஏற்றார், பெயரை யார் உருவாக்கினார் என்பதெல்லாம் பிறகு வழக்கு மன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டிய செய்திகளாகிவிடும். எங்கள் ஏற்றுமதியில் ஒரு விநியோகஸ்தர் எங்களுக்குத் தெரியாமலேயே சின்னத்தைத் தம் பெயரில் பதிவு செய்திருந்தார். விலை பற்றிய பேச்சு முறிந்து நாங்கள் வேறொருவருக்குச் சரக்கு அனுப்பியபோது, அவர் கொடுத்த புகாரின் பேரில் எங்கள் பெட்டிகளையே சுங்கத்துறை நிறுத்தி வைத்தது. பொருளும் பெயரும் எங்களுடையவை. ஆனால் அந்த நாட்டுச் சட்டத்தின் பார்வையில் போலிச் சரக்கை அனுப்பியவர்கள் நாங்கள்.

முகவர் ஒருவர் உரிமையாளரின் ஒப்புதலின்றித் தம் பெயரில் பதிவு செய்தால் அதை எதிர்க்கவும் ரத்து செய்யக் கோரவும், நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால் தம் பெயருக்கு மாற்றித் தரக் கோரவும் தொழில்துறைச் சொத்துரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பாரிஸ் உடன்படிக்கையின் ஆறாம் பிரிவில் இதற்கென்றே ஒரு துணை விதி உண்டு. கவனியுங்கள்: அந்தப் பாதுகாப்பு ஒப்புதல் இல்லாதபோதுதான். உங்கள் ஒப்பந்த வரைவில் கையெழுத்திட்டால், ஒப்புதலை நீங்களே எழுத்தில் கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள்.

அந்தப் பிரிவுக்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: சின்னம் முழுவதும் தயாரிப்பாளருக்கே உரியது, விநியோகஸ்தருக்கு ஒப்பந்தக் காலத்தில் மட்டும் பயன்படுத்தும் அனுமதி உண்டு, அதையோ அதை ஒத்த பெயரையோ இணைய முகவரியையோ சமூக ஊடகக் கணக்கையோ அவர் தம் பெயரில் பதிவு செய்யக் கூடாது, ஏற்கெனவே செய்திருந்தால் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும். நேர்மையான விநியோகஸ்தர் இதற்கு மறுப்புச் சொல்வதை நான் கண்டதில்லை.

மரகதம்

வணிகச் சின்னப் பதிவுப் பணியில் இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். கலன் அவர்கள் சொன்னதை முழுமையாக வழிமொழிகிறேன்.

வணிகச் சின்ன உரிமை நாட்டு எல்லையோடு முடிவது. உள்நாட்டுச் சான்றிதழ் வெளிநாட்டில் பிறரைத் தடுக்கும் எந்த உரிமையையும் உங்களுக்குத் தராது. ஆனால் உள்நாட்டு விண்ணப்பத் தேதி மிகப் பெரிய பயன் ஒன்றைத் தருகிறது, அதைத்தான் பலரும் கவனிக்காமல் நழுவ விடுகிறார்கள். பாரிஸ் உடன்படிக்கையின்படி, முதல் விண்ணப்பத்திலிருந்து ஆறு மாதங்களுக்குள் வேறொரு உறுப்பு நாட்டில் விண்ணப்பித்தால், அங்கும் உங்கள் முதல் தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கோரலாம். இடைப்பட்ட காலத்தில் அங்கே வேறு யாராவது அதே பெயருக்கு விண்ணப்பித்திருந்தாலும் அவர் உங்களுக்குப் பின்னால்தான் நிற்பார். உங்களுக்கு நான்கு மாதங்கள் கழிந்துவிட்டன. இன்னும் இரண்டு மாதங்களே இருக்கின்றன. சான்றிதழுக்காகக் காத்திருந்தால் இந்த வாய்ப்பு போய்விடும். நிலுவையில் உள்ள விண்ணப்பமே போதுமானது.

அடுத்து மாட்ரிட் முறை. உங்கள் நாடு மாட்ரிட் நெறிமுறையில் உறுப்பினராக இருந்தால், உள்நாட்டு அலுவலகம் வழியாக ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்புக்கு ஒரே விண்ணப்பம் அனுப்பி, அதில் வேண்டிய நாடுகளைக் குறிப்பிடலாம். உறுப்பினர்கள் 110-க்கு மேல். ஐரோப்பிய ஒன்றியம் 2004-லும் அமெரிக்கா 2003-லும் சேர்ந்தன, சீனா அவற்றுக்கும் முன்பே சேர்ந்துவிட்டது. அடிப்படைக் கட்டணம் கறுப்பு வெள்ளைச் சின்னத்துக்கு 653 சுவிஸ் பிராங்க், வண்ணச் சின்னத்துக்கு 903. இதன்மேல் நாட்டுக்கு நாடு தனிக் கட்டணம் சேரும். அமைப்பின் இணையதளத்தில் உள்ள கட்டணக் கணிப்பானில் நாடுகளையும் வகுப்புகளையும் (பொருள், சேவை வகைகளையும்) கொடுத்தால் முழுத் தொகையும் தெரியும்.

மாட்ரிட் பதிவு என்பது 'உலகப் பதிவு' அன்று என்பதை உங்கள் பங்குதாரருக்கும் விளக்கிவிடுங்கள். ஒவ்வொரு நாட்டு அலுவலகமும் தன் சட்டப்படி ஆராய்ந்து ஏற்கவோ மறுக்கவோ செய்யும். மறுப்பைத் தெரிவிக்க அதற்கு 12 அல்லது 18 மாதங்கள் வரை காலம் உண்டு. மறுப்பு வந்தால் அந்த நாட்டு வழக்கறிஞரை அப்போது அமர்த்த வேண்டும். வராவிட்டால் அந்தச் செலவு இல்லாமலேயே பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது. சிறு நிறுவனங்களுக்கு இதுதான் பெரிய ஈர்ப்பு. பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லா நாடுகளுக்கும் ஒரே புதுப்பிப்பு என்பதும், பிற்காலத்தில் புதிய நாடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதும் உண்மையான வசதிகள்.

நீள்நோக்கு

மரகதம் அவர்களின் விளக்கம் தெளிவானது. ஆயினும் இந்த நண்பரின் நிலையில் மாட்ரிட் சரியான முதல் தேர்வு என்று நான் நினைக்கவில்லை. காரணம், அவருடைய உள்நாட்டு விண்ணப்பம் இன்னும் ஆராயப்படவே இல்லை.

மாட்ரிட் வழியான சர்வதேசப் பதிவு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு உள்நாட்டு அடிப்படையை, அதாவது உள்நாட்டு விண்ணப்பத்தையோ பதிவையோ சார்ந்தே நிற்கும். அந்தக் காலத்துக்குள் உள்நாட்டு விண்ணப்பம் மறுக்கப்பட்டாலோ, ஒரு போட்டியாளரின் ஆட்சேபணையால் வீழ்ந்தாலோ, அதை நம்பி நின்ற எல்லா நாட்டுப் பாதுகாப்புகளும் அதே அளவுக்கு வீழும். 'மையத் தாக்குதல்' என்று இத்துறையினர் அழைப்பது இதைத்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எந்தக் குறையும் இல்லாத சின்னம், உள்நாட்டில் எழுந்த ஒரே ஒரு சிக்கலுக்காக அங்கெல்லாம் விழுவது எத்தனை பெரிய இழப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். நேரடி விண்ணப்பத்துக்கு இந்த ஆபத்து இல்லை. முன்னுரிமை கோரிய பிறகு முதல் விண்ணப்பத்துக்கு என்ன நேர்ந்தாலும் முன்னுரிமை கெடாது என்பதைப் பாரிஸ் உடன்படிக்கையே சொல்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஸ்பெயினின் அலிகாண்டே நகரில் உள்ள அறிவுசார் சொத்து அலுவலகத்தில் நேரடியாக இணையவழி விண்ணப்பித்தால் முதல் வகுப்புக்கு 850 யூரோ, இரண்டாவதற்கு 50, மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 150. ஒரே பதிவு 27 நாடுகளையும் தழுவும். பிரிட்டன் அதில் இல்லை. 2021 ஜனவரி முதல் அதற்குத் தனி விண்ணப்பம் தேவை.

அமெரிக்காவுக்கு நான் எப்போதும் நேரடி வழியையே பரிந்துரைப்பேன். மாட்ரிட் வழியே சென்ற விண்ணப்பத்தில் சின்னத்தின் வடிவத்தைச் சற்றும் திருத்த முடியாது. பொருளை விவரிக்கும் தன்மையுள்ள பெயர் என்று அங்குள்ள ஆய்வாளர் கருதினால், நேரடி விண்ணப்பதாரருக்குத் திறந்திருக்கும் துணைப் பதிவேடு (முதன்மைப் பதிவேட்டில் இடம்பெறாத அத்தகைய பெயர்களுக்கானது) மாட்ரிட் விண்ணப்பதாரருக்கு மூடப்பட்டுள்ளது. பொருள் விவரத்திலும் அவர்கள் கறாரானவர்கள். வேறு நாடுகளில் 'பைகள்' என்று எழுதினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். அமெரிக்காவில் 'கைப்பைகள், தோள்பைகள், தோல் பணப்பைகள், பயணப் பெட்டிகள்' என்று பிரித்து எழுத வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் விண்ணப்பதாரர் அமெரிக்க வழக்கறிஞர் ஒருவரை அமர்த்துவது 2019 ஆகஸ்ட் முதல் கட்டாயம். ஆகவே வழக்கறிஞர் செலவு மிச்சம் என்ற வாதம் அங்கே பெரிதாக நிற்காது.

மரகதம்

நீள்நோக்கு அவர்கள் சொன்ன ஆபத்து உண்மையானது. ஒரு திருத்தத்தை மட்டும் சேர்க்கிறேன். மையத் தாக்குதலால் சர்வதேசப் பதிவு வீழ்ந்தால், மூன்று மாதங்களுக்குள் அதை ஒவ்வொரு நாட்டிலும் நேரடி விண்ணப்பமாக மாற்றிக்கொள்ளலாம்; பழைய தேதியும் தொடரும். உரிமை அழிந்துவிடுவதில்லை, செலவுதான் இரண்டாம் முறை வருகிறது. ஆகவே பத்துப் பதினைந்து நாடுகளைக் குறிவைக்கும் நிறுவனத்துக்கு மாட்ரிட்டையே சொல்வேன். இரண்டு மூன்று சந்தைகள் மட்டுமே உள்ள இந்த நண்பருக்கு நேரடி வழி பொருத்தம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

பைவினை அவர்களிடம் ஒரு கேள்வி: உள்நாட்டு விண்ணப்பம் யார் பெயரில் இருக்கிறது?

பைவினை

இருவருக்கும் மிக்க நன்றி. விண்ணப்பம் என் பங்குதாரரின் சொந்தப் பெயரில் இருக்கிறது. நிறுவனத்தைப் பிறகுதான் பதிவு செய்தோம். விநியோகஸ்தரோடு ஒப்பந்தம் நிறுவனத்தின் பெயரில் வரும். இது இடையூறாகுமா?

இன்னொன்று: சீனாவில் நாங்கள் விற்பதே இல்லை என்பதால் அங்கே பதிவு தேவையில்லை என்பது பங்குதாரரின் கருத்து. ஆலை எங்களுக்காகச் செய்து அனுப்புகிறது, அவ்வளவுதானே என்கிறார்.

மரகதம்

முன்னுரிமையைக் கோருபவர் முதல் விண்ணப்பதாரராகவோ அவரிடமிருந்து உரிமையைப் பெற்றவராகவோ இருக்க வேண்டும். மாட்ரிட் வழியில் இன்னும் கண்டிப்பு: சர்வதேச விண்ணப்பதாரரும் உள்நாட்டு அடிப்படையின் உரிமையாளரும் ஒருவராகவே இருந்தாக வேண்டும். ஆகவே வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு முன்பே, உள்நாட்டு விண்ணப்பத்தையும் அதிலிருந்து எழும் முன்னுரிமை உரிமையையும் பங்குதாரரிடமிருந்து நிறுவனத்துக்கு மாற்றும் உரிமை மாற்றுப் பத்திரத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள். முன்னுரிமை உரிமை என்ற சொற்கள் பத்திரத்தில் வெளிப்படையாக இருக்கட்டும். அதன் தேதி வெளிநாட்டு விண்ணப்பத் தேதிக்கு முந்தியதாக இருக்கட்டும். இந்த ஒரு தாள் இல்லாமல் முன்னுரிமையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கலன்

சீனாவைப் பற்றி உங்கள் பங்குதாரரின் கருத்து பரவலாக உள்ள கருத்துதான். ஆனால் அதை நம்பித் தொழில் செய்யக் கூடாது. அங்கே முதலில் பயன்படுத்தியவருக்கு அன்றி, முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை. உங்கள் பெயரை வேறொருவர் பதிவு செய்துவிட்டால், அவர் அதைச் சீனச் சுங்கத்துறையிலும் பதிந்துவைக்கலாம். அந்தச் சுங்கத்துறை உள்ளே வரும் சரக்கை மட்டுமின்றி வெளியே போகும் சரக்கையும் சோதிக்கிறது. உங்கள் கொக்கிகள் ஆலையை விட்டு வந்து துறைமுகத்தில் நிற்கும். ஏற்றுமதிக்காக மட்டும் பொறிக்கப்பட்டது என்ற வாதம் முன்பு ஓரளவு எடுபட்டது. ஹோண்டா நிறுவனம் தொடுத்த வழக்கில் சீன உச்ச மக்கள் நீதிமன்றம் 2019-ல் அளித்த தீர்ப்பு, அத்தகைய தயாரிப்பும் வணிகச் சின்ன உரிமை மீறலாகலாம் என்று சொல்லிவிட்டது.

பெரிய நிறுவனங்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. ஐபேட் என்ற பெயரின் உரிமைகளை ஆப்பிள் நிறுவனம் 2009-ல், தன் சார்பில் இடையில் வைத்த வேறொரு நிறுவனத்தின் வழியாக, தைவானின் புரோவியூ நிறுவனத்திடமிருந்து 35,000 பவுண்டுக்கு வாங்கியது. சீனப் பெருநிலத்துப் பதிவு மட்டும் அதே குழுமத்தைச் சேர்ந்த ஷென்சென் நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அந்த ஓர் இடைவெளியை அடைக்க 2012-ல் 6 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. பதிவேட்டில் உரிமையாளரின் பெயரை எழுத்துக்கு எழுத்துச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வகுப்பையும் கவனியுங்கள். பொருள்களையும் சேவைகளையும் வகைப்படுத்தும் சர்வதேசப் பட்டியலான நைஸ் வகைப்பாட்டில் உள்ள 45 வகுப்புகளில் தோல் பைகளும் பணப்பைகளும் 18-ஆம் வகுப்பு. ஆனால் உங்கள் ஆலை செய்வது பையை அன்று, கொக்கியை. சாதாரண உலோகக் கொக்கிகள் 6-ஆம் வகுப்பிலும், உடைத் துணைப்பொருளான கொக்கிகள் 26-ஆம் வகுப்பிலும் வரும். 18-ஐ மட்டும் பதிவு செய்துவிட்டு, பெயர் பொறித்த கொக்கிக்கும் பாதுகாப்பு இருக்கிறது என்று நினைப்பது தவறு. போதாக்குறைக்குச் சீன அலுவலகம் ஒவ்வொரு வகுப்பையும் துணைப்பிரிவுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரே வகுப்புக்குள் வேறொரு துணைப்பிரிவில் இன்னொருவர் உங்கள் பெயரைப் பதிவு செய்ய இடம் உண்டு. இந்தக் காரணத்துக்காகவே சீனாவில் உள்ளூர் முகவர் மூலம் நேரடியாக விண்ணப்பிப்பதைப் பலர் விரும்புகிறார்கள். சீனாவில் செய்த பதிவு ஹாங்காங்குக்கும் மக்காவ் பகுதிக்கும் செல்லாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இளவேனில்

வடிவமைப்பாளர் என்ற முறையில் ஒரு கேள்வி. பெயரும் ஓவியமும் சேர்ந்த வண்ணச் சின்னத்தைப் பதிவு செய்வதா, பெயரை மட்டும் பதிவு செய்வதா? விண்ணப்பதாரர்கள் பெரும்பாலும் முழுச் சின்னத்தையும் கொடுத்துவிடுகிறார்கள்.

நீள்நோக்கு

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அலங்காரம் இல்லாத சாதாரண எழுத்தில் பெயரை மட்டும் பதிவு செய்வதே என் அறிவுரை. அது எந்த எழுத்துருவிலும் எந்த நிறத்திலும் பெயரைக் காக்கும். ஓவியத்தோடு சேர்த்துப் பதிவு செய்தால், சில ஆண்டுகள் கழித்து வடிவமைப்பை மாற்றும்போது பழைய பதிவு புதிய சின்னத்துக்குப் பொருந்தாமல் போகலாம். பதிவு செய்த வடிவத்தைப் பயன்படுத்தவில்லை என்ற காரணத்தால் ரத்துக் கோரிக்கையும் வரலாம். பெயர் தனித்தன்மை குறைந்ததாக இருக்கும்போது மட்டும் ஓவியம் கைகொடுக்கும். முன்னுரிமை கோருவதானாலும் மாட்ரிட் வழியானாலும், வெளிநாட்டுச் சின்னம் உள்நாட்டில் கொடுத்ததோடு ஒத்திருக்க வேண்டும் என்பதால் இந்த முடிவை உள்நாட்டு விண்ணப்பத்தின்போதே எடுத்திருக்க வேண்டும். லத்தீன் அல்லாத எழுத்தில் பெயர் இருந்தால் ஒலிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும்.

பைவினை

நல்ல வேளையாக நாங்கள் பெயரை மட்டுமே, லத்தீன் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். விண்ணப்பிக்கும் முன் தேடல் எப்படிச் செய்வது? ஐரோப்பிய அலுவலகமே ஒத்த பெயர் இருந்தால் மறுத்துவிடும் அல்லவா?

மரகதம்

மறுக்காது, புதியவர்கள் அதிகம் இடறி விழும் இடம் இதுதான். ஐரோப்பிய ஒன்றிய அலுவலகம், பெயர் தன்னளவில் பதிவுக்குத் தகுதியானதா என்பதை மட்டுமே தானாக ஆராய்கிறது. முந்தைய சின்னங்களோடு மோதுகிறதா என்பதைத் தானே காரணம் காட்டி மறுப்பதில்லை. விண்ணப்பம் வெளியான பிறகு மூன்று மாதங்களுக்குள் முந்தைய உரிமையாளர் ஆட்சேபிக்க வேண்டும். அது ஒன்றியப் பதிவின் உரிமையாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஏதோ ஓர் உறுப்பு நாட்டில் மட்டும் தேசியப் பதிவு வைத்திருப்பவரின் ஆட்சேபணை வென்றாலும் உங்கள் ஒன்றிய விண்ணப்பம் முழுவதும் வீழும். பிறகு மற்ற நாடுகளில் தேசிய விண்ணப்பங்களாக மாற்றிக்கொள்ளலாம். செலவு நாடு நாடாகக் கூடும். ஆகவே ஒன்றியப் பதிவேட்டோடு எல்லா உறுப்பு நாட்டுப் பதிவேடுகளையும் தேட வேண்டும்.

இதற்கு டிஎம்வியூ என்ற இலவசத் தரவுத்தளமும், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உலகளாவிய பிராண்டு தரவுத்தளமும் இருக்கின்றன. அதே எழுத்துக்கூட்டை மட்டும் தேடாதீர்கள்: ஒலியில் ஒத்தவை, ஓர் எழுத்து மாறியவை, உங்கள் பெயரைத் தன்னுள் கொண்ட நீண்ட பெயர்கள் ஆகியவற்றையும் தேடுங்கள். 18-ஐ மட்டுமின்றி ஆடைகளுக்கான 25-ஆம் வகுப்பையும் சில்லறை விற்பனைச் சேவைகளுக்கான 35-ஆம் வகுப்பையும் பாருங்கள். பைகளும் ஆடைகளும் ஒரே கடையில் ஒரே வாங்குநருக்கு விற்கப்படுபவை என்பதால் மோதல் அங்கிருந்தும் வரும்.

தேடலில் மோதல் தெரிந்தால் மனம் தளர வேண்டாம். முந்தைய உரிமையாளரிடம் எழுத்தில் இசைவு பெறலாம், பொருள் பட்டியலைச் சுருக்கலாம், அந்தச் சந்தையில் வேறு பெயரில் இறங்கலாம். பர்கர் கிங் நிறுவனத்தின் உணவகங்கள் ஆஸ்திரேலியாவில் இன்றுவரை ஹங்கிரி ஜாக்ஸ் என்ற பெயரில் நடப்பதற்குக் காரணம், 1970-களின் தொடக்கத்தில் அந்தப் பெயர் அங்கே வேறொருவரிடம் இருந்ததுதான்.

பொருள் பட்டியலைத் தேவைக்கு மீறி நீட்டவும் வேண்டாம். பயன்படுத்தும் எண்ணமே இல்லாத பொருள்களுக்கெல்லாம் பதிவு கோருவது தீய நோக்கமாகக் கருதப்படலாம் என்பதை, ஸ்கை நிறுவனத்துக்கும் ஸ்கைகிக் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2024-ல் உறுதி செய்தது. விற்பவை, சில ஆண்டுகளில் உண்மையாகவே விற்கப்போகிறவை, இவ்வளவு போதும்.

பைவினை

பங்குதாரரோடு அமர்ந்து இந்த இழை முழுவதையும் படித்தோம். உரிமை மாற்றுப் பத்திரத்தை முதலில் முடிக்கிறோம். பிறகு முன்னுரிமைக் காலத்துக்குள் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சீனாவிலும் நேரடியாக விண்ணப்பிக்கிறோம். சீனாவில் கொக்கிகளுக்குரிய வகுப்பையும் சேர்க்கிறோம். விநியோகஸ்தரிடம் கலன் அவர்கள் சொன்ன மாற்றுப் பிரிவை அனுப்பியாயிற்று. ஒன்றிய விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போவதில்லை. அமெரிக்காவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாமா என்பதுதான் மீதமுள்ள கேள்வி.

நீள்நோக்கு

தள்ளிவைத்தால் முன்னுரிமைத் தேதி அங்கே கிடைக்காது. விற்பனை இன்னும் தொடங்காவிட்டாலும், பயன்படுத்தும் உண்மையான எண்ணம் இருக்கிறது என்ற உறுதிமொழியோடு இப்போதே விண்ணப்பிக்க அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒரே வகுப்பில் விண்ணப்பித்தால் செலவும் கட்டுக்குள் இருக்கும். பதிவுக்குப் பின் ஐந்தாம் ஆண்டு முடிவுக்கும் ஆறாம் ஆண்டு முடிவுக்கும் இடையில், சின்னம் அங்கே உண்மையில் பயன்பாட்டில் இருப்பதற்கான அறிவிப்பைச் சான்றோடு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும். முதல் விற்பனையின் விலைப்பட்டியல்கள், சின்னம் தெரியும் பொருளின் படங்கள், இணையப் பக்கத்தின் தேதியிட்ட நகல்கள் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள். சீனாவில் மூன்று ஆண்டுகளும் ஒன்றியத்தில் ஐந்து ஆண்டுகளும் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் யாரும் ரத்துக் கோரலாம் என்பதால் அதே கோப்பு அங்கும் உதவும்.

மரகதம்

விண்ணப்பங்கள் வெளியானதும் உங்கள் முகவரிக்கு அலுவலகக் கடிதம் போன்றே முத்திரையும் எண்ணும் தாங்கிய கட்டணக் கோரிக்கைகள் வரத் தொடங்கும். 'பன்னாட்டுப் பதிவேட்டில் வெளியீடு' என்றும் 'கட்டாயப் புதுப்பிப்பு' என்றும் எழுதியிருப்பார்கள். பதிவேட்டில் பொதுவில் கிடைக்கும் முகவரிகளை எடுத்து அனுப்பப்படும் மோசடிக் கடிதங்கள் அவை. உலக அறிவுசார் சொத்து அமைப்பும் ஐரோப்பிய அலுவலகமும் இவற்றைப் பற்றித் தங்கள் தளங்களில் மாதிரிகளோடு எச்சரித்திருக்கின்றன. நீங்கள் அமர்த்திய முகவர் வழியாக வராத எந்தக் கோரிக்கைக்கும் பணம் அனுப்ப வேண்டாம் என்று உங்கள் கணக்குப் பிரிவினருக்கு இப்போதே எழுத்தில் சொல்லிவையுங்கள்.